ராசா இட்ட முட்டை

கொழும்பின் கொட்டாஞ்சேனையில் புறா வளர்க்காத சந்து இல்லை. ஆனால் ஒரே ஜோடி ஒரே கூட்டில் நாலு முட்டை இட்டது எங்கள் சந்தில் மட்டும்தான், அதுவும் என் கூட்டில்தான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. பிறகு நடந்ததை மறைத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. இப்போது வயதாகிவிட்டது, முழுவதையும் சொல்லிவிடலாம்.

எனக்கு அப்போது பத்து வயது. ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே எங்கள் மாடி வீடு. அம்மா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில் கிளார்க். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, வீட்டிலேயே தையல் வேலை செய்தார். பெரியம்மா கலியாணம் முடிக்கவில்லை. அப்பா எனக்கு மூன்று வயதாக இருந்தபோது கப்பல் வேலைக்குப் போனார். கப்பல் மட்டும் திரும்பி வந்ததாகக் கேள்வி. காலையில் தலை பின்னி என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது அம்மா, பின்னேரம் கூட்டிவந்து வீட்டுப்பாடம் செய்விப்பது பெரியம்மா. ரிப்போர்ட் கார்டில் அன்று வீட்டில் யார் கையில் பேனை அகப்படுகிறதோ அவர் கையெழுத்துப் போடுவார். ஆசிரியை ஒருமுறை இது என்ன இரண்டு விதமாக இருக்கிறதே என்று கேட்டபோது, எங்கள் வீட்டில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, முகத்துவாரத்தில் இருந்தார். அவருடைய தகரக் கூரைக்கு மேல் பலகையால் அடித்த பெரிய புறாக்கூடு. மாமாவுக்கு இரண்டு விஷயத்தில் நல்ல பெயர்: புறாவும் பகிடியும். நான் மாதக்கணக்கில் அரித்ததன் பலனாக, ஒரு ஜோடி தருகிறேன் வா என்று ஒருநாள் கூட்டிக்கொண்டு போனார்.

"ஆண் எது, பேடு எது எண்டு பார்க்கத் தெரியுமா மருமகள்?"

தெரியும் என்றேன். எனக்கு எல்லாம் தெரிந்திருந்த வயது அது. ஆண் என்றால் தலை பெரிது, கழுத்துத் தடிப்பு, மற்றதைச் சுற்றிச் சுற்றி வந்து குமுறும் என்று வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அந்தக் கணக்கின்படி நன்றாகப் பார்த்து, சாம்பல் நிறத்தில் தலை பெருத்த ஒன்றை எடுத்தேன். அதற்கு ராசா என்று அங்கேயே பெயர் வைத்தேன். பக்கத்தில் பயந்துபோய் ஒதுங்கி நின்ற சின்ன வெள்ளையை ராணியாக்கினேன். மாமா இரண்டையும் கையில் வாங்கி, வயிற்றுப் பக்கம் விரலால் தடவிப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்ல தெரிவு. இப்பிடி ஒரு ஜோடி நானே இதுவரை போட்டதில்லை."

அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வீடுவரை சிரித்தபடி வந்தேன்.

ஜோடி போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டையும் எடுத்த எடுப்பில் ஒன்றாக விட்டால் கொத்திக்கொண்டு சாகும். ஒரு பெட்டிக்கு நடுவே கம்பி வலை அடித்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக விடவேண்டும். பார்க்கலாம், தொடக்கூடாது. சில நாளில் பிடித்துப்போனால் வலை வழியாகவே சொண்டோடு சொண்டு உரசும். அதன் பிறகுதான் வலையை எடுக்க வேண்டும். குசினிக்குப் பின்னால் இருந்த கொங்கிரீட் தட்டில், தண்ணீர்த் தாங்கியின் நிழலில் மாமா ஒரு பழப்பெட்டியை அப்படி அமைத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதற்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஐந்தாம் நாள் ராசா கழுத்தை ஊதிக்கொண்டு, வாலை நிலத்தில் இழுத்து, குமுறிக் குமுறி வட்டம் போட்டது. ராணி வலைக்குக் கிட்ட வந்து தலையைச் சாய்த்தது. நான் உள்ளே ஓடினேன்.

"பெரியம்மா, சம்பந்தம் சரி!"

பெரியம்மா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்தார். "சீதனம் ஏதும் கேட்டதா?"

வலையை எடுத்தோம். ராசாவும் ராணியும் குடும்பம் நடத்தத் தொடங்கின. கூடு கட்ட ஈர்க்கு வேண்டுமென்று நான் தினமும் விளக்குமாற்றிலிருந்து நாலைந்தாக உருவிக் கொடுத்தேன். விளக்குமாறு மெலிந்துகொண்டே போவதை அம்மா கவனித்துக்கொண்டுதான் இருந்தார். அம்மாவுக்குப் புறா பிடிக்காது. நெஞ்சுச் சளி வரும், செள்ளுப் பூச்சி வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்காகப் பொறுத்துக்கொண்டார்.

பொறுமைக்கு ஒரு நாள் முடிவு வந்தது. கோயிலில் பிள்ளைகளுக்கு முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுக்கிற காலம். பெரியம்மாவுக்கு வருஷத்திலேயே அதிக வேலை அப்போதுதான். தைத்துக் கஞ்சி போட்ட ஆறு வெள்ளைச் சட்டைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து, கூட்டுக்குள்ளேயே இருந்தால் பாவம், கொஞ்சம் காற்றாடட்டும் என்று நான் கதவைத் திறந்துவிட்டேன். ராசாவும் ராணியும் பறக்கப் பஞ்சிப்பட்டு, கிட்ட இருந்த கொடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டன. அரை மணித்தியாலத்தில் ஆறு சட்டையில் ஒன்று தப்பியது.

பெரியம்மா ஐந்தையும் எடுத்துக்கொண்டுபோய் உட்கார்ந்து கையால் தேய்க்கத் தொடங்கினார். கந்தோரால் வந்த அம்மா அதைப் பார்த்தார்.

"நாளைக்கே மாமாவிட்ட திரும்பப் போகுது" என்றார்.

முட்டை இடப்போகிற நேரம், இப்போது அனுப்பினால் பாவம் என்று நான் நிலத்தில் புரண்டு அழுதேன். அழுகையில் எனக்குக் கொஞ்சம் திறமை உண்டு. கடைசியில் அம்மா இறங்கி வந்தார். "சரி. குஞ்சு பொரிச்சுக் காட்டட்டும். பொரிச்சா வைச்சிருக்கலாம். பொரிக்காட்டி அழக்கூடாது, ரெண்டும் முகத்துவாரம் போயிடும்." நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தேன். ராசா இருக்கும்போது எனக்கென்ன பயம்?

அடுத்த கிழமை கூட்டில் ஒரு முட்டை. மறுநாளும் ஒன்று. புறா இரண்டுக்கு மேல் இடாது, அது எனக்கும் தெரியும். நாலாம் நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறேன், நாலு முட்டை! தண்ணீர்த் தாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை, விட்டுவிட்டு ஒருமுறை எண்ணினேன். நாலுதான்.

அதற்குப் பிறகு ஒரு மூன்று கிழமை நான் வாழ்ந்த வாழ்வு வேறு. கீழ்க்கடை முதலாளி "ஹதரக்?" என்று சிங்களத்தில் கேட்டு நாலு விரலைக் காட்டினார். நானும் நாலு விரலைக் காட்டி "ஓவ்" என்றேன். அவர் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு, மூச்சு வாங்க மாடி ஏறி வந்து பார்த்துப் போனார். சந்தில் இருந்த பெரிய பெரிய புறாக்காரர்களெல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா வரட்டும் பிள்ளை" என்று போய்விட்டார். வகுப்பில் ஆசிரியை என்னை முன்னால் நிறுத்திச் சொல்லச் சொன்னார். வளர்க்கிற முறையில்தான் எல்லாம் இருக்கிறது என்று தொடங்கி, ஒரு பாடவேளை முழுவதையும் முடித்துவைத்தேன்.

சாதாரண ஜோடி மாறி மாறித்தான் அடைகாக்கும். என் ஜோடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே அடைகாத்தது. நாலு முட்டைக்கு ஒரு உடம்பு போதாதுதானே என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்தேன். கோயில் கலண்டரில் நாட்களைக் கோடு போட்டு வெட்டிக்கொண்டு வந்தேன். பதினெட்டாம் நாள் பொரிக்க வேண்டும். பதினெட்டு போனது. பத்தொன்பது போனது. இருபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களுக்கும் ஆளுக்கொரு முட்டை என்று பொறுப்புக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று மத்தியானம் மாமா சாப்பிட வந்தார். கூட்டுக்குள் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்து, கையைக் குவித்து இருட்டாக்கி, டோர்ச் லைட்டை அடியில் பிடித்தார். முட்டை மின்குமிழ் போல வெளிச்சமாக இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. மற்ற மூன்றும் அப்படியே. மாமா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ரெண்டும் பேடு, மருமகள்! உன்ர ராசாவும் முட்டை இட்டிருக்கிறார். ஆளுக்கு ரெண்டு, மொத்தம் நாலு. நீ எடுக்கேக்கையே எனக்குத் தெரியும். பார்ப்பம் எண்டு விட்டனான்."

ஒரு பேடு ஆணைப்போலக் குமுறுமா, வட்டம் போடுமா என்று நான் சண்டை பிடித்தேன். ஆண் இல்லாத இடத்தில் ஒன்று அப்படித்தான் நடந்துகொள்ளும் என்றார். சந்து முழுவதும் நாலு விரல் காட்டித் திரிந்தது நினைவுக்கு வந்தது. வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. ராசாவும் ராணியும் போகப்போகின்றன. அழக்கூடாது என்றும் பேச்சு.

மாமா சாப்பாட்டு மேசையிலும் அதையே சொல்லிச் சிரித்தார். "ரெண்டு பொம்பிளை சேர்ந்து குடும்பம் நடத்தினா என்ன வரும்? பேசாமல் ரெண்டையும் பிரிச்சு, ஆளுக்கொரு ஆம்பிளையைப் பார்த்துக் குடுத்தா எல்லாம் சரியாப் போயிடும்."

அம்மாவும் சிரிப்பார் என்று நினைத்து அவரைப் பார்த்தேன். அம்மா கறிக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். பெரியம்மா தன் தட்டில் சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி, பிறகு மற்றப் பக்கமாக ஒதுக்கினார்.

"பிரிக்கத் தேவையில்லை" என்றார் அம்மா.

"இல்லையக்கா, நான் சும்மா..."

"உன்ர கூட்டில பொரிக்கிற பருவத்தில முட்டை இருக்குதா?"

"ஒரு ரெண்டு இருக்கு. நாளைக்கு நாளையிண்டைக்குப் பொரிக்கும்."

"கொண்டுவந்து இதுகளுக்கு வை."

"என்னக்கா நீங்க, புறாவெண்டாலே வேண்டாமெண்டு சொல்ற ஆள்..."

"சோறு இருக்கும், எங்கேயும் போகாது. முதல்ல போய்க் கொண்டு வாடா."

மாமா என்னைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். அவருடைய வாழ்க்கையில் பகிடிக்குப் பதில் பகிடி வராத நாள் அதுவாகத்தான் இருக்கும். கையைக் கழுவிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். முக்கால் மணித்தியாலத்தில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பஞ்சு வைத்து இரண்டு முட்டையோடு திரும்பி வந்தார். அதுவரை அம்மாவும் சாப்பிடவில்லை, பெரியம்மாவும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். நல்ல இறைச்சிக் கறி.

முட்டைகளை அம்மாதான் மாற்றி வைத்தார். புறாவைத் தொட்டால் சளி வரும் என்று சொன்னவரே தன் கையால் ராணியை மெல்ல உயர்த்தி, ராசாவின் கொத்தையும் வாங்கிக்கொண்டு வைத்தார். செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்று பொரித்தது, பின்னேரம் மற்றது. மஞ்சள் மயிரோடு, கண் திறக்காமல், சொல்லப்போனால் அசிங்கமாகத்தான் இருந்தன. எனக்கு அவற்றைவிட அழகானது கொழும்பிலேயே இல்லை. ராசாவும் ராணியும் தொண்டையில் ஊறுகிற பாலை மாறி மாறி ஊட்டின. ஒன்று ஊட்டும்போது மற்றது செட்டையால் மூடிக்கொண்டது. எது தாய், எது தகப்பன் என்று அந்தக் குஞ்சுகள் ஒருநாளும் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் மறுபடியும் சந்தில் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினேன். முட்டைக் கதையைச் சத்தமில்லாமல் கைவிட்டு, இரண்டு பேடு சேர்ந்து குஞ்சு வளர்க்கிற வீடு எங்கள் வீடுதான் என்று புதிதாகத் தொடங்கினேன். பெரியம்மா கொடியை வாசல் பக்கமாக மாற்றிக் கட்டிக்கொண்டார். அம்மா கந்தோரால் வந்ததும் முதலில் புறாக்கூட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சேலை மாற்றினார். குஞ்சுகளின் பெருமை ஒருவழியாக அம்மாவுக்கும் ஏறிவிட்டது என்று நான் தீர்மானித்துக்கொண்டேன்.

ஐந்து கிழமையில் மூத்த குஞ்சு பறந்தது. அன்றும் ஞாயிற்றுக்கிழமை, மாமாவும் இருந்தார். விளிம்பில் நின்று நெடுநேரம் யோசித்துவிட்டு, படக்கென்று எழும்பி, தண்ணீர்த் தாங்கிக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, பக்கத்து வீட்டு அன்டெனாவில் இடித்துக்கொள்ளப் பார்த்து, தப்பி, திரும்பி வந்து என் காலடியிலேயே இறங்கியது. நான் கத்திய கத்தலில் கீழ்க்கடை முதலாளி வெளியே வந்துவிட்டார்.

"பரவாயில்லை, நல்லாத்தான் வளர்த்திருக்குதுகள்" என்றார் மாமா. முதல் தடவையாகப் பகிடி இல்லாமல் சொன்னார்.

"ஏன், வளராதெண்டு நினைச்சியோ?" என்று அம்மா கேட்டார்.

கேட்டது மாமாவிடம். ஆனால் கை என் தலையில் இருந்தது, உச்சியிலிருந்து நெற்றிவரை தடவிக்கொண்டிருந்தது. பெரியம்மா மற்றப் பக்கம் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். மாமா குனிந்து நிலத்தைப் பார்த்தபடி, "நான் அப்பிடி நினைச்சுச் சொல்லேல்லையக்கா" என்றார். அதற்குள் குஞ்சு மறுபடியும் எழும்பியது. பார்க்கவிடாமல் மறைக்கிறதே என்று அம்மாவின் கையைத் தட்டிவிட்டு, கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் இரண்டு பேருக்கும் அவ்வளவு பெருமை என் புறாவைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன்.