என் இடது கைக்கு மாமியார் சொன்ன சாட்சி

ஓசூரை விட்டு கிருஷ்ணகிரி சாலையில் ஏறியதும் அந்தக் காலத்தில் ஒரு மர அறுவை மில் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எனக்கு அங்கே வட்ட ரம்பத்துக்குத் தடி தள்ளும் வேலை. ஒரு மழை நாளில் நான் தள்ளிய தடிக்குள் யாரோ எப்போதோ அடித்துவிட்டுப் போன ஆணி ஒன்று இருந்திருக்கிறது. ரம்பம் அதில் பட்டதும் தடி துள்ளித் திரும்பியது. இடது கை மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே வரை போய்விட்டது.

மில் சொந்தக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தோளில் கிடந்த துண்டால் கையை இறுக்கிக் கட்டி, லாரியில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர் ஆஸ்பத்திரி வரை வந்தார். வழியெல்லாம் அழுதது அவர்தான். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் நான் இரண்டு முறை அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

எனக்கு அழுகை வந்தது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் ஒரு காலை முழுவதும் போராடினேன். என் மனைவி வந்து போட்டுவிட்டாள். அவள்மேல் எரிந்து விழுந்தேன். மறுநாளும் வந்து போட்டுவிட்டாள்.

பாய் மில்லையும் ஆட்களையும் இன்ஷூர் செய்திருந்தார். காயம் ஆறியதும் கம்பெனியிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது. எந்த உறுப்பு போனால் எவ்வளவு நஷ்டஈடு என்று சட்டமே வரிசையாக எழுதி வைத்திருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கட்டைவிரல், கண், காது எல்லாம் இருந்தன. வலது கைக்கு ஒரு அளவு, இடது கைக்கு அதைவிடக் குறைவு.

பாய் குறுக்கே வந்தார். "சார், இவன் நொட்டாங்கைக்காரன். கோடாலி புடிக்கிறது, தடி தள்றது எல்லாம் அந்தக் கைதான். இவனுக்கு அதுதான் வலது கை."

கோட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் வலது கையால் போட்டேன். வேறு எந்தக் கையால் போடுவது? பிறந்ததிலிருந்து என் வலது கை இரண்டு வேலைகள்தான் கற்றிருந்தது. சாப்பிடுவது அம்மா கற்றுக்கொடுத்தது. எழுதுவது பள்ளிக்கூடத்துப் பிரம்பு கற்றுக்கொடுத்தது. பிரம்பு நன்றாகவே கற்றுக்கொடுத்திருந்தது. முத்து முத்தாக இருந்த என் கையெழுத்தைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"வலது கைப் பழக்கம் ரொம்ப நல்லாவே இருக்குதே" என்றார்.

விவகாரம் நஷ்டஈட்டு அதிகாரியிடம் போயிற்று. மில்லில் வேலை செய்கிறவர்கள் சொன்னால் பாய்க்குப் பயந்து சொல்கிறார்கள் என்பார்கள், வெளியாள் ஒருவர் வேண்டும் என்றார் பாய். என் மனைவி உடனே சொன்னாள்: "எங்கம்மாவ கூட்டிட்டுப் போங்க. ஒம்போது வருசமா அந்தக் கையத்தானே திட்டிட்டு இருக்காங்க."

அது உண்மை. என் மாமியார் என்னிடம் குறை சொல்ல ஆரம்பித்தால் இடது கையில் ஆரம்பித்து இடது கையில்தான் முடிப்பார். ஆள் அனுப்பியதும், வருகிறேன் என்று ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டார். அவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. நான் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரியில் பயணியர் பங்களாவின் முன்னறையில் விசாரணை. அதிகாரி வயதானவர், பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மாமியார் கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையில் வந்திருந்தார். தளிப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

"அம்மா, உங்க மாப்பிள்ளைக்கு இடது கைப் பழக்கமா?" என்று அதிகாரி கேட்டார்.

"லேது" என்றார் மாமியார். அப்புறம் எல்லோருக்கும் விளங்கட்டும் என்று தமிழிலும் சொன்னார்: "இல்லீங்க. எங்க மாப்ள எல்லாத்தையும் சோத்தாங்கையாலதான் செய்வாரு. எங்க குடும்பத்துல அந்த மாதிரி யாருமே கெடையாது."

பாய் உட்கார்ந்த நாற்காலி கிறீச்சிட்டது. கோட்டுக்காரர் கோட்டின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார். நான் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது. மைத்துனிக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கார் காகிதத்தில் நொட்டாங்கை என்று ஏறிவிட்டால் அது ஊர் ஊராகப் போய்ச் சம்பந்தம் கெட்டுவிடும் என்று அவருக்குப் பயம். கை போனவன் மாமியார் என்பதில் அவருக்கு வெட்கமில்லை. அது விபத்து. நொட்டாங்கைக்காரனுக்குப் பெண் கொடுத்தது அவரே செய்த காரியம்.

அதிகாரி பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். எழுதப் போவதில்லை, சும்மா பேசப் போகிறார் என்று தோன்றும்படி சாய்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா. அப்போ மாப்பிள்ளைமேல உங்களுக்கு ஒரு கொறையும் இல்லேன்னு சொல்லுங்க."

இப்படி ஒரு கேள்வியை என் மாமியாரிடம் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

"கொறை இல்லையா? ஏங்க, ஒண்ணா ரெண்டா? களியை முழுங்கத் தெரியாது, மென்னு திங்கறாரு. போன தீபாவளிக்கு எம் பொண்ணுக்கு மூக்குத்தி வாங்கியாறேன்னு போனவரு மறந்துட்டு மண்வெட்டி வாங்கியாந்தாரு. அதெல்லாம் போவட்டும். கல்யாணத்தன்னிக்கு, அத்தன சனம் பாக்குது, எங்கண்ணன் வெத்தில பாக்குத் தட்டு நீட்டுறாரு, இவரு பட்டுனு நொட்டாங்கைய நீட்டி வாங்கறாரு. எந் தலையே தொங்கிப்போச்சு. சொன்னேன், எத்தினியோ தடவ சொன்னேன். மண்வெட்டியும் அந்தக் கைதான், சவரமும் அந்தக் கைதான், தண்ணி சேந்தறதும் அந்தக்..."

அங்கே நிறுத்தினார். அதிகாரி எப்போது பேனாவை எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

கோட்டுக்காரர் எழுந்தார். "சார், சட்டத்துல இடது கைன்னா இடது கைதான். பழக்கத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"சொல்லலதான்" என்றார் அதிகாரி. "அவரு எந்தக் கையால பொழச்சாருன்னு இந்தம்மா சொல்லிட்டாங்க. கம்பெனி ஒத்துக்கிட்டு முடிச்சுக்கலாம். இல்லேன்னா இன்னொரு நாள் வாங்க, இந்தம்மாவ நீங்களே விசாரிங்க."

கோட்டுக்காரர் என் மாமியாரைப் பார்த்தார். மாமியார் அவரைத் திரும்பிப் பார்த்தார். கோட்டுக்காரர் பெங்களூருக்கு ஒரு டிரங்க் கால் போட்டுப் பேசிவிட்டு வந்து, வலது கைக்கு உள்ள அளவே கொடுக்கக் கம்பெனி சம்மதிப்பதாகக் கையெழுத்துப் போட்டார். பாய் எல்லோருக்கும் காபி வரவழைத்தார். மாமியார் மட்டும் குடிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சூளகிரியில் பஸ் நின்றபோது அவித்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கினார். எனக்குப் பாதியைக் கொடுக்கத் திரும்பியவர், ஒற்றைக் கையால் அதை உரிக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்ததுபோல் கொஞ்ச நேரம் பொட்டலத்தையே பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக உரித்து என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தார். ஓசூர் நெருங்கும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நாலு பேர் எதுருல அப்பிடிச் சொல்லிட்டேன்னு மனசுல வெச்சுக்காதீங்க மாப்ள."

முதலில் சொன்ன பொய்யைச் சொல்கிறாரா, பிறகு சொன்ன உண்மையைச் சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை. கடலை இன்னும் பாதி இருந்தது.

அடுத்த மாதமே பாய் என்னைத் தடி அளந்து குறித்துக்கொள்ளும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். மைத்துனிக்கும் தை மாதத்தில் கல்யாணம் ஆயிற்று. நஷ்டஈட்டுப் பணத்தில் மத்திகிரிப் பக்கம் இரண்டு கறவை மாடுகள் வாங்கினேன். சுழி பார்த்து, பல் பார்த்து, நாலு பேரிடம் யோசனை கேட்டு வாங்கினேன். கறக்க இரண்டு கை வேண்டும் என்பது மாடுகளை வீட்டில் கொண்டுவந்து கட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. என் மனைவி சிரித்து ஓய்ந்ததும் செம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கன்றைப் பிடித்துக்கொண்டேன்.