அம்மா கேட்ட கால் மணி நேரம்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் வெள்ளைத் தாளில் கோடு போட உட்கார்ந்துவிடுவேன். வரப்போகிற வருஷத்துக்கான அட்டவணை. ஐந்து மணிக்கு ஜெபம், ஐந்தரைக்கு வேத வாசிப்பு, ஆறரைக்குப் போட்டித் தேர்வுப் பாடம், எட்டரைக்கு எங்கள் ஊர் நெரவியிலிருந்து காரைக்காலுக்கு வேலைக்குக் கிளம்புவது, சாயங்காலம் பாட்டுப் பயிற்சி அல்லது வாலிபர் கூட்டம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா இறந்த பிறகு அம்மா நடவுக்கும் களைக்கும் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார். என் நேரம் வீணானால் அம்மா சேற்றில் குனிந்து நின்ற நேரம் வீணாகிறது என்று நினைப்பேன். அதனால்தான் அத்தனை கோடுகள்.

எங்கள் சபையில் வருஷப் பிறப்பன்று காலை ஆராதனையின் முடிவில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொருவராகப் போய் ஒன்றை எடுத்து, சபையைப் பார்த்துத் திரும்பி, அந்த வருஷத்துக்குத் தனக்கு வந்த வசனத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் அட்டையைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுவார்கள். எனக்கு எழுத்துக்கூட்ட வந்த வயதிலிருந்து அம்மாவின் அட்டையை நான்தான் வாசித்து வந்தேன்.

போன வருஷப் பிறப்பன்று போதகர் என்னைப் பேசச் சொல்லியிருந்தார். கர்த்தர் கொடுத்த நேரத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்பதைப் பற்றிப் பேசினேன். நாளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வருஷத்தில் எதையும் கற்றுக்கொள்ளலாம் என்று சொன்னேன். எல்லோரும் கை கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அம்மா, "நீ சொன்ன அந்தக் கால் மணி நேரத்த எனக்குக் குடு தம்பி. அடுத்த வருஷம் என் அட்டைய நானே வாசிக்கணும்" என்றார்.

அன்றைக்கே அட்டவணையில் ராத்திரி ஏழரை மணிக்கு நேராக ‘அம்மா’ என்று எழுதினேன். எழுதும்போது பெருமையாகக்கூட இருந்தது.

பன்னிரண்டு நாள் ஒழுங்காக நடந்தது. பிறகு வாலிபர் முகாம் வந்தது, தேர்வு வந்தது, சபையில் ஒரு கல்யாணத்துக்குப் பாட்டுப் பயிற்சி வந்தது. எது வந்தாலும் அட்டவணையில் முதலில் நகர்ந்தது ஏழரை மணிதான். மற்றவை கர்த்தருடைய வேலை, அல்லது என் பிழைப்பு. அம்மா வீட்டில்தானே இருக்கிறார். "அடுத்த வாரம்மா" என்பேன். அம்மாவும் சரி என்பார்.

உட்கார்ந்த நாட்களிலும் பாடம் ஓடவில்லை. எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்லிவிடுவார். சேர்த்து வாசிக்கச் சொன்னால் இரண்டாவது எழுத்தோடு நின்றுவிடுவார். வரி மாறிப் போய்விடுவார். "நாலு எழுத்துதாம்மா இருக்கு, அதுக்குள்ள எங்க போற?" என்று ஒருநாள் கடிந்துகொண்டேன். வயசான பிறகு படிப்பு ஏறாது என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன். சபையின் ஓய்வுநாள் பள்ளியில் நான் பாடம் சொல்லும் பிள்ளைகளிடம் காட்டிய பொறுமையில் பாதியைக்கூட அவரிடம் காட்டவில்லை.

சம்பாவுக்குக் களையெடுக்கும் சமயம். அம்மா தன் பத்தியில் இரண்டு பக்கமும் களையை விட்டுவிட்டுப் போகிறார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்தார்களாம். "ஓரத்துக் களையெல்லாம் யாருக்குக்கா வுட்டு வச்சிருக்க, வரப்போற மருமவளுக்கா?" என்று ஒருத்தி கேட்டதை அம்மாவே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் வரப்பிலிருந்து வாய்க்காலில் விழுந்து, கைமுட்டி சிராய்த்து வந்தார். வழுக்கிவிட்டது என்றார்.

கார்த்திகையில் ஊருக்குக் கண் முகாம் வந்தது. கண்ணாடி வாங்கினால் பாடம் ஓடும் என்று நான்தான் அழைத்துப் போனேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒரு வெள்ளை மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி வெகுநேரம் சோதித்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை போய்விட்டது, நடுவில் கொஞ்சம்தான் மிச்சம்.

ஓரம் மறைவது இத்தனை நாளாகத் தெரியவில்லையா என்று அவர் கேட்டார்.

அம்மா என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார். "படிச்சவங்களுக்கு எழுத்து அங்கங்க நிக்கும்னு நெனச்சேங்க. நான் படிக்காதவதானே, அதான் எனக்கு ஓடுதுன்னு இருந்துட்டேன்."

ஒரு பக்கத்தைத் திறந்தால் முழுப் பக்கமும் கண்ணில் விழும் என்பது படித்தவனுக்குத்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த படித்தவன் நான் ஒருவன்தான்.

"போனது திரும்பாது தம்பி. இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம். சொட்டு மருந்த ஒரு வேளகூட விடக் கூடாது" என்றார் டாக்டரம்மா. இன்னும் எவ்வளவு நாள் பார்வை இருக்கும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்ததை அவர் முடிக்க விடவில்லை.

அப்புறம் வருஷம் முடிய ஐந்து வாரம்தான் இருந்தது. தினமும் உட்கார்ந்தோம். தேர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை, பாட்டுப் பயிற்சிக்கும் போகவில்லை. பெரிய எழுத்தாக எழுதிப் பார்த்தேன்; பெரிதாக எழுதினால் அந்தச் சின்ன வட்டத்துக்குள் அடங்காமல் இன்னும் மோசமானது. சின்னதாக எழுதினால் மங்கியது. நேரம் கையில் இருந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் பழைய அட்டவணைதான் கண்முன் வந்தது.

இந்த வருஷப் பிறப்பன்று அம்மா தட்டிலிருந்து அட்டை எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்று வழியிலேயே சொல்லிவிட்டார். அட்டையை மூக்குக்கருகே வைத்து இடமும் வலமுமாக நகர்த்தினார். "நான்" என்றார். "உன்னை" என்றார். மூன்றாவது வார்த்தையைத் தேடி இரண்டாம் வரிக்குப் போய்விட்டார். திரும்பி வந்து மறுபடி "நான்" என்று தொடங்கினார். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். பழக்கத்தில் என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. அட்டையில் அந்த மூன்றாவது வார்த்தை என் கண்ணுக்கு முழுசாகத் தெரிந்தது.

"நிதானமா வாசிங்கம்மா" என்றார் போதகர்.

இன்னும் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு அட்டையை இறக்கி, "இன்னிக்கு இவ்ளோதாங்க ஐயா. மீதிய வீட்டுல வாசிச்சிக்கறேன்" என்றார். என்னிடம் கொடுக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டார். யாரோ மெல்ல ஆமென் சொன்னார்கள்.

அன்று ராத்திரி ஏழரை மணிக்கு அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட்டேன். ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருந்துவிட்டு, டியூப்லைட்டுக்கு அடியில் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் எழுத்தை மட்டும் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"சும்மா இரு தம்பி."

சும்மா இருந்தேன். மூன்றாவது வார்த்தை அன்றைக்கு வரவில்லை.