துவாயில் மடித்த அன்னம்

பிள்ளைகளே, போன சனிக்கிழமை காலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில், கட்டிலின் மேல் ஒரு அன்னம் உட்கார்ந்திருந்தது. துவாயை மடித்துச் செய்த அன்னம். கழுத்து வளைவு, வால்... எல்லாம் கச்சிதம்.

செய்தவன் என் மகன் ரவி. இரத்தினபுரி டவுனில் ஆறு மாதம் ஹோட்டல் கோர்ஸ் படித்தவன். தெற்குக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரர்களின் கட்டிலில் தினமும் இப்படி அன்னம் வைத்தவன். போன மார்கழியில் கடல் பொங்கி வந்தது. ஹோட்டல் போய்விட்டது. அன்றைக்கு லீவில் வீட்டுக்கு வந்திருந்ததால் இவன் தப்பினான். சர்டிபிகேட்டும் தப்பியது. வேலைதான் தப்பவில்லை.

கை மட்டும் பழக்கத்தை விடுவதாயில்லை. தினமும் மடிக்கிறான். என் மனைவி தினமும் அன்னத்தைக் கழுத்தில் பிடித்து உதறி, முகம் துடைத்துக்கொள்கிறாள்.

அன்று அந்த அன்னத்துக்குப் பக்கத்தில் இரண்டு விண்ணப்பப் போர்ம் கிடந்தன. இரண்டும் ஓ.எல். பரீட்சை பாஸான மகள் கலாவுக்கு. ஒன்று நான் வாங்கி வந்தது – தையல் மெஷின் கோர்ஸ், ஆறு மாதம், முடித்த கையோடு கார்மண்ட் பேக்டரியில் வேலை. மற்றது அவளே வாங்கி வந்தது – டவுன் பள்ளிக்கூடத்தில் ஏ.எல்., இன்னும் இரண்டு வருடப் படிப்பு. இரண்டிலும் தகப்பன் கையெழுத்துப் போடும் இடம் காலி. திங்கட்கிழமை கடைசி நாள்.

"ஏ.எல். படிச்சு என்ன வேலைக்குப் போவ?" என்றேன்.

"இப்பவே தெரியாதுப்பா."

"தையல் கோர்ஸ்னா தெரியும்ல?"

"தெரியும். அண்ணனுக்கும் தெரிஞ்சுதானே இருந்துச்சு?"

ரவி சிரித்தான். "ஏன்டி என்னய இழுக்கிற?"

"இல்லண்ணே, அன்னம் மடிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. ஹோட்டலே இல்லாமப் போனா என்ன செய்யிறதுன்னு சொல்லிக் குடுத்தாங்களா?"

"வெறகு ஒடிக்கலாம்," என்றாள் அடுப்படியில் இருந்து அவன் அம்மா. அதற்குக் கோர்ஸ் தேவையில்லை.

நானும் தொழிலுக்கென்றே படித்தவன்தான், பிள்ளைகளே. எங்கள் காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். கொழுந்து நிறுக்கையில் தராசு முள்ளைப் பார்க்கத் தெரிய வேண்டும், சம்பளப் புத்தகத்தில் கையெழுத்துப் போடத் தெரிய வேண்டும் – அதற்கு மேல் ஓர் எழுத்து கிடையாது. படிப்பையும் வேலையையும் இவ்வளவு இறுக்கமாக முடிச்சுப்போட்ட பள்ளிக்கூடம் வேறு எங்கே உண்டு? வேலைக்கும் குறைவில்லை. பள்ளிக்கூட வாசலில் இருந்தே தேயிலை தொடங்கிவிடும்.

அப்படிப் படித்தவன் என்பதால்தானோ என்னவோ, ரவிக்கு ஹோட்டல் கடிதம் வந்த அன்று நான் ஒரு காரியம் செய்தேன். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பெயர் செக்ரோல் என்ற பதிவில் இருக்கும். பெயர் இருந்தால்தான் வேலை, சேமலாபப் பணம் எல்லாம். கோர்ஸுக்குப் போகுமுன் கொஞ்ச நாள் தோட்டத்தில் வேலை செய்ததால் ரவியின் பெயரும் அதில் இருந்தது. நான் ஆபீஸ் ஜன்னலில் நின்று, "என் மகன் பேர வெட்டிருங்கய்யா, அவன் இனிமே இங்க வர மாட்டான்," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்க வேண்டுமே.

"இருந்துட்டுப் போகட்டும் முத்தையா," என்றார் கிளாக்கர். சிங்களவர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். நான் கேட்கவில்லை.

இந்தத் திங்கட்கிழமை அதே ஜன்னலுக்கு ரவி, கலா, நான் மூவரும் போனோம். ரவியின் பெயரைத் திரும்பப் பதிய வேண்டும். கலா எங்கே சேர்ந்தாலும் அதற்குத் தோட்டத்துக் கடிதம் ஒன்று வேண்டும். இரண்டு போர்மும் என் சட்டைப்பையில். இரண்டிலும் இன்னும் கையெழுத்து இல்லை.

"ஆ, ஹோட்டல் தொர வந்திருக்காரு," என்றார் கிளாக்கர். "வெட்டச் சொன்னது நீதானே முத்தையா? இனிப் புதுசாத்தான் பதியணும். பழைய சேர்விஸ் கணக்கில்ல. புல்லு வெட்டுறதுக்குக் கோர்ஸ் படிச்சிருக்கானா?"

வரிசை சிரித்தது.

ரவி நேராக நின்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஹோட்டலுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல, சிங்களத்தில் சொன்னான்: "புதுசாவே பதிங்க சேர். நாளைக்கே வேலைக்கு வர்றேன். தங்கச்சிக்கு மட்டும் கடிதம் இன்னைக்கு வேணும், கடைசி நாள். நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும் இங்கேயே நிக்கிறோம்."

முகத்தில் புன்னகை. குரலில் கெஞ்சல் இல்லை. கிளாக்கர் ஒரு நிமிடம் அவனைப் பார்த்தார். "ஹரி, ஹரி," என்று சிங்களத்திலேயே சரி சொல்லிப் பேனாவை எடுத்தார். வழக்கமாக, "நாளைக்கு வா" என்பார்.

கோர்ஸ் வீண் என்று எவனாவது சொல்லட்டும்... அந்த நிமிர்ந்த முதுகு ஆறு மாதப் படிப்பு. நான் இருபத்தைந்து வருடமாக அந்த ஜன்னலில் நிற்கிறேன், எனக்கு வரவில்லை. ஆனால் அதே முதுகு நாளைக் காலையில் புல்லு வெட்டக் குனிய வேண்டுமே?

"யாருக்கு எழுதுறது?" கிளாக்கர் நிமிர்ந்தார். "ஸ்கூலுக்கா, தையலுக்கா?"

ரவி என்னைப் பார்த்தான். கலா பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹோட்டலே இல்லாமல் போனால் என்ன செய்வது என்று சனிக்கிழமை கேட்டவள் அவள். அப்படிக் கேட்கிற பிள்ளை இன்னும் இரண்டு வருடம் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று தோன்றியது.

"ஸ்கூலுக்குங்கய்யா."

அங்கேயே ஜன்னல் பலகையில் வைத்து ஏ.எல். போர்மில் கையெழுத்துப் போட்டேன். அதுதான் எனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே.

பாதி வழி வந்ததும் ரவி என் கக்கத்துக்குள் கையைவிட்டு எதையோ இழுத்தான். என் தோள் துண்டு. ஆபீஸ் ஜன்னலைக் கண்டால் அது தானாகத் தோளில் இருந்து இறங்கிக் கக்கத்துக்குள் போய்விடும். அதை உதறி என் தோளில் போட்டான்.

"ஆபீஸ் தாண்டி வந்துட்டோம்ப்பா."

அவனுக்குத் துவாயில் அன்னம் மடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், எனக்குத் துண்டைக் கக்கத்தில் மடிக்க. என் படிப்பை மறப்பதற்குத்தான், பிள்ளைகளே, எந்த டவுனிலும் இன்னும் கோர்ஸ் தொடங்கவில்லை.