மஞ்சள் பலூனைத் தொடாத டெல்மர்

1953 ஏப்ரல் 11: 39 சென்ட்
ஏப்ரல் 18: 39 சென்ட்
ஏப்ரல் 25: 27 சென்ட்
மே 2: 39 சென்ட்
மே 9: 33 சென்ட்
மே 16 முதல் ஜூன் 20 வரை, ஆறு சனிக்கிழமைகள்: தலா 39 சென்ட்
ஜூன் 27: 7 டாலர் 81 சென்ட்

இவை என் நண்பன் டெல்மர் ரூபல் வாழைப்பழ ஐஸ்கிரீமுக்குக் கொடுத்த தொகைகள். எங்கள் ஊரான பிரிம்லியில் அவன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். நான் எதிர்ச்சாரியில் தானியக் கிடங்கில் எடை போடும் வேலையில் இருந்தேன். இரண்டுக்கும் நடுவில், தெருமுனையில், ஹோகனின் அஞ்சு பத்துக் கடை இருந்தது.

அந்தக் கடையில் ஐந்து சென்ட்டுக்கும் பத்து சென்ட்டுக்கும் கிடைக்காத பொருளே இல்லை என்று ஊரில் எல்லோரும் நம்பினோம். எண்ணெய் போட்ட மரத்தரை. கதவைத் திறந்ததும் வறுத்த முந்திரி வாசனை. இடப்பக்கம் ஊசி நூல், வலப்பக்கம் மிட்டாய், நடுவில் முதுகில் ரோஜாப்பூ வரைந்த குட்டி ஆமைகள், கடைசியில் கிளிக்கூண்டுகள். டெல்மர் ஒரு ஜோடி ஷூ கயிறு வாங்கப் போனால் திரும்பிவர ஒரு மணி நேரமாகும். ஒவ்வொரு ஆமையையும் நலம் விசாரிப்பான். தன் கடைக்கு முடிவெட்டிக்கொள்ள வரும் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் பத்து சென்ட் ஊதல் ஒன்று வாங்கிக் கொடுப்பான். வாங்குமுன் பெட்டியிலுள்ள அத்தனை ஊதல்களையும் ஊதிப் பார்த்து, அதிகச் சத்தம் வருவதைத் தேர்ந்தெடுப்பான். ஊரில் பல தாய்மார்கள் அவனைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போனதற்கு இதுதான் காரணம்.

கடையின் பின்பக்கம் ஒரு சாப்பாட்டு மேடையும் சுழலும் முக்காலிகளும் இருந்தன. மேடைக்கு மேலே ஒரு கயிற்றில் இருபது பலூன்கள் தொங்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சீட்டு. வாழைப்பழ ஐஸ்கிரீம் கேட்பவர் ஒரு பலூனைக் காட்ட வேண்டும், ஊசியால் குத்த வேண்டும், சீட்டில் என்ன விலையோ அதைக் கொடுக்க வேண்டும். ‘ஒரு சென்ட் முதல் 39 சென்ட் வரை’ என்று பலகை சொல்லும். டெல்மர் பெரும்பாலும் 39-ஐத்தான் குத்துவான்.

மேடையைக் கவனித்துக்கொண்டவள் லுவெல்லா கிராட்ஸ். முப்பத்திரண்டு வயது. ஐஸ்கிரீம் கரண்டியைச் சுழற்றும் வேகத்தில் பேசுவாள். டெல்மருக்கு நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்தவனிடம் மூச்சுவிடாமல் பேசும் அவனுக்கு அவள் எதிரில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் அவன் அவளிடம் சொன்னது ஒரே வாக்கியம்: “அந்த நீலம், மிஸ் கிராட்ஸ்.”

மே ஒன்பதாம் தேதி 33 சென்ட் சீட்டை வாங்கிக்கொண்டு அவள் சொன்னாள்: “மிஸ்டர் ரூபல், ஒங்க கை ராசியப் பாத்தா எனக்கே அழுகை வருது. ஒண்ணு செய்வோம். ஒரு சென்ட் சீட்டு ஒங்களுக்கு வந்துட்டா, ஜூன் கடைசில நடக்குற தீயணைப்பு நிலையத்து மீன் விருந்துக்கு நான் ஒங்ககூட வர்றேன். சரியா?”

டெல்மர் தலையாட்டினான். அன்று கடைக்குத் திரும்பியதும் தொப்பியோடு உட்கார்ந்திருந்த ஒருவருக்குத் தொப்பியின் மேலேயே சீப்புப் போட்டான்.

பலூன்களுக்குச் சீட்டுப் போடுவது லுவெல்லாவேதான், வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடையின் முன் ஜன்னலோரம் உட்கார்ந்து. அடுத்த வெள்ளி நான் டெல்மரின் நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தேன். அவன் ஜன்னல் வழியே ஹோகன் கடையைப் பார்த்துக்கொண்டு சவரம் செய்தான். நானும் பார்த்தேன். லுவெல்லா ஒரு சீட்டை எடுத்தாள், படித்தாள், இருந்த ஒரே மஞ்சள் பலூனுக்குள் திணித்து ஊதினாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். டெல்மரின் கத்தி நழுவியது. என் மீசையில் பாதி போனது.

“வென்டல், பாத்தியா? ஒரு சென்ட்ட மஞ்சள்ல போட்டுட்டா.”

“பாத்தேன். என் மீசை எங்கடா?”

“நாளைக்கு நான் மஞ்சளத் தொட முடியாது.”

“ஏன்?”

“தெரிஞ்சு எடுத்தா அது ஏமாத்து. தெரியாம எடுக்கணும்.”

“அவளே ஒனக்காகத்தாண்டா போட்டா.”

“நான் பாத்தது அவளுக்குத் தெரியாதுல்ல?”

டெல்மர் ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன். சீட்டாட்டத்தில் எதிராளியின் அட்டை தவறித் தெரிந்துவிட்டால், தன் அட்டைகளையும் விரித்துக் காட்டிவிடுவான். அவனிடம் வாதாடிப் பயனில்லை. மறுநாள் பச்சையைக் காட்டினான். 39.

லுவெல்லா அடுத்த வாரம் மஞ்சளைத் தாழ்வாகக் கட்டினாள். அவன் சிவப்பைக் காட்டினான். அதற்கடுத்த வாரம் மஞ்சள் அவன் முக்காலிக்கு நேர் மேலே வந்தது. நான்காவது வாரம் அது அவன் மூக்கில் இடித்துக்கொண்டிருந்தது. அவன் அதை மரியாதையாகக் கையால் விலக்கிவிட்டு, எட்டாத மூலையிலிருந்த நீலத்துக்காக முக்காலிமேல் ஏறினான்.

இதற்குள் பள்ளிப் பிள்ளைகள் மஞ்சளின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். டெல்மர் குத்தி முடிக்கும்வரை அவன் முதுகுக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்பார்கள். “மாமா, சீக்கிரம் தோத்துட்டுப் போங்க,” என்று ஒரு சிறுமி அவன் கோட்டை இழுத்தாள். மஞ்சளுக்காக நடந்த தள்ளுமுள்ளில் ஒரு கிளிக்கூண்டு சாய்ந்து, கிளி பொத்தான் பகுதியில் இரண்டு நாள் குடியிருந்தது. மற்ற நிறங்களை டெல்மரைத் தவிர யாரும் சீந்தவில்லை.

ஆறாவது சனிக்கிழமை, மஞ்சள் பலூனைச் சர்க்கரை ஜாடியில் கட்டி அவன் முன்னால் வைத்தாள் லுவெல்லா. அவன் ஜாடியை ஓரமாக நகர்த்திவிட்டு ஊதா நிறத்தைக் காட்டினான்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “மிஸ்டர் ரூபல், என்கூட வர இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லலாம். அடுத்த சனிக்கிழமதான் மீன் விருந்து. பக்கத்து ஊர் தீவனக் கடைக்காரன் என்னைக் கூப்பிட்டிருக்கான். அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் அவன்கிட்ட சரின்னுடுவேன்.”

டெல்மரின் வாயில் அப்போது அரை வாழைப்பழம் இருந்தது. அவன் விழுங்குவதற்குள் அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

இந்த நேரம் பார்த்துக் கடை முதலாளி ஹோகன் குறுக்கே வந்தார். “இனிமே சீட்டு நான் போடுறேன். பலூன் எல்லாம் ஒரே சிவப்பு,” என்றார். டெல்மருக்கு உயிர் வந்தது. “இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது வென்டல். இனி எடுத்தா அது நாணயமான எடுப்பு,” என்று தன் கடைச் சில்லறைப் பெட்டியைக் கவிழ்த்துச் சட்டைப்பையில் நிரப்பிக்கொண்டான்.

ஜூன் 27 காலை பத்து மணிக்கு முதல் பலூன். 39. டெல்மர் பணத்தை வைத்தான். “இன்னொண்ணு, மிஸ் கிராட்ஸ்.” 39. “இன்னொண்ணு.” ஐஸ்கிரீம் தட்டுகள் மேடையில் வரிசையாகச் சேர்ந்தன. நான்கு அவன் தின்றான், இரண்டு நான் தின்றேன். பிறகு கடைக்கு யார் வந்தாலும் கையில் ஒரு தட்டு. ஊசி வாங்க வந்த பாதிரியாரின் மனைவி ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்றுக்குக் காத்திருந்தாள். ஹோகன் முதலில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பதினைந்தாவது பலூனுக்குப் பிறகு தேய்ப்பது நின்றது. பதினெட்டாவதில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

இருபதாவது பலூனும் வெடித்தது. 39.

ஹோகன் குனிந்து மேடைக்கு அடியில் தேடினார்.

“ஒரு சென்ட் சீட்டு எங்கயோ தொலைஞ்சிருக்கும்,” என்றார் ஹோகன்.

“தொலையறதுக்கு முன்னாடி அதப் போட்டிருக்கணுமே,” என்றாள் லுவெல்லா.

அவள் பெட்டியிலிருந்து ஒரு பலூனை எடுத்தாள். ஒரு சீட்டில் எல்லோரும் பார்க்க ‘1’ என்று எழுதினாள், பாதிரியாரின் மனைவியிடம் காட்டினாள், உள்ளே போட்டாள், ஹோகனிடம் நீட்டினாள். “ஊதுங்க. இருபது தட்டு அள்ளுனதுல எனக்கு மூச்சில்ல.”

ஹோகன் பலகையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஊதினார். முகம் பலூனைவிடச் சிவந்தது.

லுவெல்லா அதை டெல்மர் முன்னால் பிடித்தாள். “இப்ப எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். குத்துறீங்களா, இல்ல தீவனக் கடைக்காரனுக்கு ஆள் அனுப்பவா?”

டெல்மர் ஊசியை எடுத்தான். திரும்பினான். “மிஸ்டர் ஹோகன், ஒங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?”

“ஊதுனதே நாந்தான்யா. குத்தித் தொலை.”

குத்தினான். ஒரு சென்ட்டை மேடையில் வைத்துவிட்டு, பயத்தோடு கேட்டான்: “இதுக்கும் ஒண்ணு தின்னணுமா?”

“வேணாம். சாயங்காலம் மீனுக்கு எடம் வைங்க.”

இடம் இருக்கவில்லை. மீன் விருந்தில் அவன் சோடாத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு, அந்த மே மாத வெள்ளிக்கிழமை ஜன்னல் வழியே பார்த்ததை அவளிடம் ஒப்புக்கொண்டான்.

“அப்ப ஆறு வாரமும் தெரிஞ்சேதான் எடுக்கலையா?”

“தெரிஞ்சதாலதான் எடுக்கல.”

அவள் தன் தட்டிலிருந்த மீனைத் தின்று முடித்தாள். “என்ன மனுஷன்யா நீ,” என்று சொல்லிவிட்டு அவன் தட்டிலிருந்த மீனையும் எடுத்துத் தின்றாள். அக்டோபரில் கல்யாணம்.

1974-இல் டெல்மரின் முழங்கால்களுக்காக அரிசோனாவுக்குக் குடிபோனார்கள். மாதம் ஒரு கடிதம் வரும். லுவெல்லா நான்கு பக்கம் எழுதுவாள், அடியில் டெல்மர் ஒரு வரி சேர்ப்பான். கடைசியாக வந்ததில், இப்போதும் சனிக்கிழமை தவறாமல் இருவரும் வெளியே சாப்பிடப் போவதாகவும், கிளம்புமுன் ‘என்கூட வர்றியா லுவெல்லா’ என்று அவன் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதாகவும், பதில் வரும்வரை காரில் ஏறுவதில்லை என்றும் அவள் எழுதியிருந்தாள். அடியில் அவன் எழுத்து: ‘சூப் ஆறிப்போயிருந்தது. கூட வந்தவள் பிரமாதம்.’

அந்தக் கடிதம் வந்தது 1987 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை; அடுத்த மாதக் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.