கிட்டாருக்குள் மரப்பட்டி

கரமனையில் எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் முதலில் என் கைக்கு வரும். அதன் பிறகு ரிப்பேருக்குப் போகாது, நேரே குப்பைக்குப் போகும். இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, மாமனாரின் சுவர்க் கடிகாரம் எல்லாம் என் கைராசிக்குச் சாட்சி. அதனால் மனைவியின் கிட்டார் ‘கிர்’ரென்று ஒரு வேண்டாத சத்தம் போட்டபோது அவள் முகம் வெளுத்ததில் நியாயம் இருந்தது.

ஐம்பது வயதில் கிட்டார் வகுப்பில் சேர்ந்தவள் அவள். மூன்று வருடம் கழித்து, வரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் ஆண்டு விழாவில் முதல் தடவையாக மேடையேற இருந்தாள். அன்று புதன்கிழமை.

“ரிப்பேர்காரரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி, என்ன கேடுன்னு நான் பாக்கட்டுமா?” என்றேன்.

“பாத்தா மதி. தொடப்படாது, கேட்டேளா?”

மதி என்றால் இந்த மலையாள ஊரில் போதும் என்று அர்த்தம். கம்பிகளைக்கூட அவளே தளர்த்தி வைத்துவிட்டுத்தான் ஆபீஸுக்குக் கிளம்பினாள்.

கம்பிகள் பூட்டியிருக்கும் கட்டைக்குப் பின்னால் மேல்பலகை லேசாக உப்பியிருந்தது. வட்டத் துளைக்குள் செல்போன் டார்ச்சை அடித்து, மீசை வெட்டும் சின்னக் கண்ணாடியை நுழைத்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய சத்தம் போடுகிற சாமானின் பலகை அப்பளத்துக்கு அண்ணன் மாதிரி இருந்தது. கம்பிகளின் இழுப்பில் அது நொறுங்காமல் இருக்க, அடியில் குறுக்கும் நெடுக்குமாக மரப்பட்டிகளை ஒட்டியிருந்தார்கள். அதில் ஒன்றின் முனை பசை விட்டு நின்றது. கண்ணாடியின் முனையால் அதை மெல்லத் தட்டினேன். கிர்ரென்றது.

அலமாரியில் வெள்ளைப் பசை டப்பா இருந்தது. கை தானாகவே அந்தப் பக்கம் போனது. வேறு வழியில்லாமல் அந்தக் கையில் செல்போனைக் கொடுத்து ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். நான் தென்காசிக்காரன். கல்யாணத்துக்குப் பிறகு கற்றுக்கொண்ட என் மலையாளத்தின் மேல் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

“கிட்டாரின்டெ அகத்து மரப்பட்டி இளகி” என்றேன்.

அவர் எண்ணிக்கை கேட்டார். “எத்ர எண்ணம் உண்டு?”

“ஏழெட்டு காணும். ஒந்நு மாத்ரம் ஆடுந்நு. தட்டியால் சப்தம் வரும்.”

“ஐயோ, தட்டல்லே சாரே! கடிக்கும்!”

“பசை வெச்சு ஒட்டிச்சால் மதியோ?”

“ஒட்டிக்கானோ?” என்று கத்தினார். “சார் வாதில் அடைச்சு புறத்து நிற்கூ. வைகிட்டு ஞான் வராம்.”

மரத்தை ஒட்டுவதற்குக் கதவை ஏன் அடைக்க வேண்டும் என்று யோசித்தேனே தவிர, என் மலையாளத்தைச் சந்தேகிக்கவில்லை. சாயங்காலம் மனிதர் ஒரு சாக்கும் ஒரு தடியுமாக வந்து வாசலிலேயே நின்றார். அப்போதுதான் வீடு திரும்பியிருந்த மனைவி, இரண்டு பேரிடமும் விசாரித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மலையாளத்தில் மரப்பட்டி என்றால் மரநாயாம். மச்சில் குடியிருந்துகொண்டு ராத்திரியெல்லாம் உருட்டுமே, அதேதான்.

“ஏழெட்டு மரநாயை உள்ள வெச்சுண்டா நான் மூணு வருஷமா வாசிச்சேன்?”

ரிப்பேர்காரர் சாக்கைக் கீழே போட்டுவிட்டு என் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் உள்ளே பார்த்தார். “சார் இதில் பசை ஒந்நும் தேச்சில்லல்லோ?”

“இல்ல.”

“பாக்யம். தேச்சிருந்நெங்கில் எல்லாம் நாசமாயேனே. சனியாழ்ச்ச தராம்” என்று கிட்டாரை எடுத்துப் போனார்.

மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “நெஜமாவே தொடலையா?”

“கண்ணாடியாலதான் தொட்டேன்” என்றேன்.

அவள் செல்போனை எடுத்து வகுப்பு வாத்தியாரைக் கூப்பிட்டாள். காலையில் பஸ்ஸில் போகும்போதே, விழாவில் தான் வாசிக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கிட்டாரோடு என்னைத் தனியாக வீட்டில் விட்டுப் போனவள், வேறென்ன செய்வாள்? எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சந்தோஷமாகவும் இருந்தது.

“மாஷே, ராவிலெ பறஞ்ஞது விட்டேக்கூ” என்று காலையில் சொன்னதை வாபஸ் வாங்கினாள். “ஞாயறாழ்ச்ச ஞானும் உண்டு.”