குங்குமச் சிமிழில் கொட்டிய சுமாக்

பொறாமை என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் புழக்கடையில், ஒரு பொரித்த முட்டை அதை எனக்குக் கச்சிதமாகப் புரியவைத்தது.

முட்டை என்னுடையதாக இருந்தால் எதற்குப் பொறாமை? அது என் அத்தை மகளுக்குப் பொரித்த முட்டை. அவளுக்கும் என் வயதுதான். அவள் அப்பா எங்கோ போனவர் போனவர்தான். அவளுக்கு மூன்று வயதானபோது அத்தை அவளை எங்களிடம் விட்டுவிட்டு, குவைத்தில் ஒரு லெபனான்காரர் வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து என் அம்மாவுக்கு இரண்டு பெண்கள். படுக்கும்போது ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவள். முறைப்படி நாங்கள் ஒருத்தி அம்மாவை இன்னொருத்தி அத்தை என்று கூப்பிட வேண்டும். நான் போனில் என் பங்கை ஒழுங்காகச் செய்தேன். அவளோ என்னைப் பார்த்து என் அம்மாவை அம்மா என்றே கூப்பிடப் பழகிவிட்டாள். யாரும் திருத்தவில்லை. அம்மா நிச்சயமாகத் திருத்தவில்லை.

அந்தக் கோடையில் அத்தை ஒரேயடியாக ஊர் திரும்பிவிட்டாள். பக்கத்திலேயே ஓரிக்கையில் வீடு பார்த்தாகிவிட்டது, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவது என்று பேச்சு. ஆனால் பெண் அல்லவா வர வேண்டும்! அவள் என் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அத்தை சாக்லேட்டை நீட்டினால் வந்து வாங்கிக்கொள்வாள், வாங்கியதும் மறுபடி முந்தானைக்குப் பின்னால் போய்விடுவாள்.

கடைசியில் அத்தை முட்டையைக் கையில் எடுத்தாள். தறியில் பட்டு இருக்கிற வீட்டுக்குள் கவுச்சி கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் புழக்கடையில் தனி அடுப்பு, தனிச் சட்டி. நிறைய ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் காயவைத்து, முட்டையை உடைத்து விட்டாள். ஓரமெல்லாம் முறுகி வரும்போது, சூடான எண்ணெயைக் கரண்டியால் அள்ளி வெள்ளைக்கருவின் மேல் மட்டும் விட்டாள். மஞ்சள் கரு குலுங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் உப்பு, சீரகத்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிட்டிகை சுமாக். அது லெபனான்காரர்கள் போடுகிற புளிப்பான சிவப்புப் பொடி. சப்பாத்தியைக் கிழித்து மஞ்சள் கருவில் தோய்த்து, அத்தை தன் பெண்ணுக்கு ஊட்டினாள். பத்து வயதுப் பெண்ணுக்கு ஊட்டல்!

எனக்கும் ஒரு முட்டை கிடைத்தது. மிளகுத்தூள் தூவி, தட்டில் வைத்து. "சுமாக் கொஞ்சம்தான்மா இருக்குது, அவ சாப்ட்டுக்கட்டும்" என்றாள் அத்தை. அத்தை மகள் விரலில் ஒட்டியிருந்த சிவப்பை என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நக்கினாள். எனக்கு வயிறு எரிந்தது. தினமும் காலையில் எரிந்தது. அவளோ கூப்பிடாமலே போய் அடுப்புப் பக்கம் உட்கார ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு அத்தை மடியிலேயே தலை வைத்துப் படுத்தாள். தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் கரையைச் சேர்க்கிற கோர்வை வேலைக்கு உட்கார்ந்திருந்த அம்மா, கதவு வழியாக அதைப் பார்த்துவிட்டு, கரை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள மறந்து அப்பாவிடம் திட்டு வாங்கினாள்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா சாமி மாடத்தைத் துடைத்து, சிமிழில் புதுக் குங்குமம் நிரப்பினாள். அப்பா குளித்துவிட்டு ஈர நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்தார். கோடை வெயிலில் வியர்வை சும்மா இருக்குமா? சிவப்பாக ஒரு சொட்டு மூக்கில் இறங்கியது. கீழே பாவு நூலில் விழுந்தால் புடவை போச்சு. பதறிப்போய்த் தலையைப் பின்னுக்கு இழுத்தார், சொட்டு உதட்டில் இறங்கி வாய்க்குள் போய்விட்டது.

"இன்னாடி இது, குங்குமம் புளிக்குது!"

அத்தை ஓடி வந்து சிமிழை முகர்ந்து பார்த்தாள். சமையலறை அலமாரியில் அவள் காகிதத்தில் மடித்து வைத்திருந்த சுமாக் பொட்டலம் காலியாக இருந்தது. பக்கத்தில், முந்தின நாள் அவள் காமாட்சி கோயிலிலிருந்து கொண்டு வந்த குங்குமப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. எங்கள் ஊரில் காகிதத்தில் மடித்த சிவப்புப் பொடி என்றால் கோயில் குங்குமம்தான், வேறு எதையும் யாரும் நினைக்க மாட்டார்கள்.

"கவனிக்கல அண்ணி. ரெண்டும் ஒரே மாதிரி செவப்பா இருந்துச்சு" என்றாள் அம்மா.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். சாமிச் சிமிழில் விழுந்ததை இனி கவுச்சியில் போட முடியாது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி அவள் முட்டையும் என் முட்டையும் ஒன்று! அத்தை மட்டும் புழக்கடையில் போய் உட்கார்ந்து அழுதாள். ஒரு பொடிக்கு இவ்வளவு அழுகையா என்று நினைத்தேன். பிறகு அவள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அந்தச் சிமிழிலிருந்தே ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அத்தை இரண்டு முட்டைகளின் மேலும் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். அத்தை மகள் வருவாளா என்று பார்த்தேன். அவள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள், வழக்கம்போல வாயைத் திறந்தாள். முழுதும் தின்றுவிட்டு, "இன்னொண்ணு போடும்மா" என்றாள். அத்தையை அவள் அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே தறிச் சத்தம் நின்றது.

"இன்னாச்சு, இழை அறுந்துட்ச்சா?" என்று அப்பா கேட்டார். நான் என் முட்டையில் மும்முரமாக இருந்தேன். அந்த வீட்டில் பொறாமை எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயக்காரர் நூல் கொண்டு வரும்போதெல்லாம் அம்மா வாசலில் நின்றபடியே சொல்வாள்: "இது நம்ம குங்குமச் செவப்பு இல்லப்பா, அரக்கு ஏறிக்கினு இருக்குது, எடுத்துக்கினு போ." சாயக்காரர் வெயிலில் பிரித்துப் பிடித்து, உற்றுப் பார்த்து, கடைசியில் ஒத்துக்கொண்டு எடுத்துப் போவார். அதை நான் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும், இரண்டு சிவப்பும் ஒரே மாதிரி இருந்தது என்று அம்மா சொன்னபோது, நான் நம்பினேன்.