பதினோரு மாதம் அணைக்காத லேப்டாப்

ஃப்ரிட்ஜ் கம்பெனி ஒன்றில் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. அதனால் ஆபீஸில் எல்லோருக்கும் அவர் புகார்க்காரர். உண்மையில் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். நாற்பத்தெட்டு வயதில் ஒப்பந்த வேலை, அதுவும் மச்சான் சிபாரிசில் கிடைத்தது. ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டினால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

சேர்ந்த இருபதாம் நாள், ஆபீஸ் கொடுத்த லேப்டாப் மேல் டீயைக் கொட்டிவிட்டார். துடைத்தார், கவிழ்த்தார், ஊதினார். திரை ஒளிர்ந்தது, ஆனால் கீபோர்டில் நடு வரிசை மட்டும் செத்துப்போயிருந்தது. போய்ச் சொல்லியிருக்கலாம். வந்ததும் வராததுமாக இப்படிப் பெயர் வாங்க மனசு வரவில்லை. மதிய இடைவேளையில் கடைக்கு ஓடி, வயர் இல்லாத கீபோர்டும் மவுஸும் சொந்தக் காசில் வாங்கி வந்தார். விண்டோஸ் இல்லாத லினக்ஸ் லேப்டாப் ஆயிற்றே, இதெல்லாம் சேருமா என்று பயந்துகொண்டே ப்ளூடூத்தில் இணைத்தார். மறுபேச்சு இல்லாமல் சேர்ந்துகொண்டது. லேப்டாப்பை உயரமான ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, கேட்டவர்களிடம் கழுத்து வலி என்றார். அடுத்த வாரமே இன்னும் இரண்டு பேருக்குக் கழுத்து வலி வந்து, அவர்களும் ஸ்டாண்ட் வாங்கினார்கள்.

சாயங்காலம் அணைக்கப் போனபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. அணைத்துப் போட்டால், டிஸ்க்கைத் திறக்கும் பாஸ்வேர்டை முதலில் கேட்கும். லினக்ஸ் முழுதாக எழுவதற்கு முன்பே கேட்கிற கேள்வி அது. அந்த நேரத்தில் ப்ளூடூத் வேலை செய்யாது. லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டில்தான் அடிக்க வேண்டும். வயர் கீபோர்டைச் செருகலாமென்றால், யுஎஸ்பி துளைகளுக்கெல்லாம் ஆபீஸ் சீல் வைத்திருந்தது.

ஆகவே அணைக்கவே இல்லை. மூடித் தூங்க வைப்பார், திறந்து எழுப்புவார். சார்ஜ் இறங்கிவிட்டால் கதை கந்தல் என்பதால் போகிற இடமெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போனார். மனைவியைத் தொட விடவில்லை. மாமியார் இறந்த வீட்டில், எல்லோரும் அழுதுகொண்டிருக்க, இவர் பீரோவுக்குப் பின்னால் ப்ளக் தேடினார். மச்சான் அதைப் பார்த்துவிட்டு அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அப்டேட் முழுதாக ஏற ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி வாரா வாரம் திரையில் அறிவிப்பு வரும். 'பிறகு' என்பதை அமுக்குவார்.

பதினோரு மாதம் இப்படி ஓடிய பிறகு, ஒரு மதியம் ஆபீஸே எல்லா லேப்டாப்பையும் ரீஸ்டார்ட் செய்தது. கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டு ஒரு கட்டம் வந்தது. வயர் இல்லாத கீபோர்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். ஒரு புள்ளிகூட விழவில்லை.

லேப்டாப்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்தாள். சீலைப் பிரித்து, வயர் கீபோர்டைச் செருகி, அவரையே பாஸ்வேர்டு அடிக்கச் சொன்னாள். இரண்டு நிமிடத்தில் திறந்தது. பிறகு எதையோ பார்த்து முகம் மாறினாள்.

"சார், பதினோரு மாசமா ஒரு அப்டேட்கூட முழுசா ஏறலையே?"

அவர் டீக்கதையைச் சொன்னார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அரை மணி நேர வேலை சார். இந்த வருஷம் மட்டும் எட்டு கீபோர்டு மாத்தியிருக்கேன். எட்டும் டீதான்."

"இப்ப மாத்திடலாம் இல்லம்மா?"

"மாத்திடலாம். ஆனா நான் ரிப்போர்ட் எழுதணும் சார். பாதுகாப்பு விஷயம். மறைக்க முடியாது."

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். டீ கொட்டியவர்கள் எட்டு பேரும் அவரவர் நாற்காலியில் இருந்தார்கள். மறைத்தவருக்கு மட்டும், ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று நாலாம் நாள் கடிதம் வந்தது. அவருக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். டீ கொட்டியது, கீபோர்டு, பாஸ்வேர்டு, வேலை போனது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். சொன்னதும் நெஞ்சு லேசானது போலிருந்தது.

அவள் நிமிரவில்லை.

"எங்கம்மா செத்த அன்னைக்கும் அதை விட்டுப் பிரியல. என்னைத் தொடக்கூட விடல. எவளோ ஒருத்தி இருக்கான்னு அப்பவே முடிவு பண்ணி, அழுது தீர்த்துட்டேன்."

"சத்தியமா டீதான்மா."

"வேலை போச்சுன்னு சொல்றீங்களே, அதை நம்பறேன்," என்று அடுத்த சட்டையை எடுத்தாள்.